குறியீடு 21-இல் தங்கிவிட்ட மீட்சி

2019 ஜூலையில் தொடங்கி 2020 ஜூனில் முடிந்த ஓராண்டை, தொழிலாளர் புள்ளியியலில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தனியே எடுத்துவைத்துப் படிக்க வேண்டும். அதன் கடைசி மூன்று மாதங்கள் ஊரடங்கில் கழிந்தன. நகர்ப்புறங்களில் நடப்பு வார நிலைப்படி வேலையின்மை 20 சதவீதத்தைத் தாண்டியது. சூரத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் தொழிலாளர்கள் ரயிலிலும் லாரியிலும், பலர் நடந்தும், ஊர் திரும்பினார்கள். அதே ஆண்டுக்கான காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் ஆண்டறிக்கையைத் திறந்தால், வழக்கமான நிலைப்படி வேலையின்மை விகிதம் முந்தைய ஆண்டின் 5.8 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

இரண்டு எண்களும் ஒரே கணக்கெடுப்பில் பிறந்தவை. கள ஊழியர்கள் தவறாகக் கேட்டதாலோ கணினியில் பிசகியதாலோ வந்த முரண் இல்லை இது. வழக்கமான நிலை 365 நாட்களைத் திரும்பிப் பார்க்கிறது. அந்த ஆண்டின் பெரும்பகுதியில் ஒருவர் என்னவாக இருந்தார் என்பதே அதன் முதல் கேள்வி. முதன்மை நிலையில் வேலை இல்லாதவரும் துணை நிலையில் 30 நாட்கள் வேலை செய்திருந்தால் பணியிலிருப்பவராகிவிடுவார். நடப்பு வார நிலை கேட்பது கடந்த 7 நாட்களைப் பற்றி மட்டும். அதில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். 1970-இல் தந்த்வாலா குழு அறிக்கை தந்ததிலிருந்து, இந்த நாட்டின் வேலையின்மையை ஒற்றை எண்ணில் அடக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் தொலைக்காட்சி விவாதத்துக்குப் போகும்போது நாமே ஒற்றை எண்ணைத்தான் எடுத்துக்கொண்டு போகிறோம்.

அந்த ஆண்டு வேலையின்மை குறைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆலையை விட்டு ஊருக்கு வந்தவர் அப்பாவின் நிலத்தில் களை பறிக்க இறங்கினால் அவர் வேலையில்லாதவர் அல்ல. குறியீடு 21: குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுபவர். உழைப்பவர்களில் வேளாண்மையில் இருந்தவர்களின் பங்கு 2018-19-இல் 42.5 சதவீதம். அடுத்த ஆண்டு அது 45.6 சதவீதம். பல பத்தாண்டுகளாக மெல்ல மெல்ல வேளாண்மையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த ஒரு நாடு ஒரே ஆண்டில் திரும்பி நடந்தது. அதைவிடக் கவலை தருவது, அது சில ஆண்டுகள் கழித்தும் திரும்பி வராதது. 2023-24-இல் அந்தப் பங்கு 46.1 சதவீதம்.

2017-18-இல் 6.1 சதவீதமாக இருந்த வழக்கமான நிலை வேலையின்மை 2023-24-இல் 3.2 சதவீதம். இதை மீட்சி என்று எழுதுபவர்கள் அதே அறிக்கையின் அடுத்த சில அட்டவணைகளையும் புரட்ட வேண்டும். இந்த ஆறு ஆண்டுகளில் சுயதொழில் செய்வோரின் பங்கு 52.2 சதவீதத்திலிருந்து 58.4-க்கு ஏறியது. அவர்களில் ஒரு பகுதியான கூலியில்லாக் குடும்ப உதவியாளர்கள் மொத்த உழைப்பாளர்களில் 13.6 சதவீதத்திலிருந்து 19.4 ஆனார்கள். மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8-இலிருந்து 21.7 ஆகக் குறைந்தது. சம்பளக்காரர்கள் எண்ணிக்கையில் கூடியிருக்கலாம் என்று வாதிடலாம். மொத்த உழைப்பாளர் எண்ணிக்கை வளரும்போது அது இயல்பு. ஆனால் ஒரு பொருளாதாரம் தன் மக்களுக்கு எந்த வகை வேலையைத் திறந்துவிடுகிறது என்று அறியப் பங்குதான் பொருத்தமான அளவு.

இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி பெண்கள். 15 வயதுக்கு மேற்பட்ட கிராமப்புறப் பெண்களின் உழைப்புப் படைப் பங்கேற்பு விகிதம் 24.6 சதவீதத்திலிருந்து 47.6-க்கு உயர்ந்திருக்கிறது. ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பு. இதைப் பற்றி நம் துறையில் நடக்கும் சண்டையை வாசகர்கள் அறிவார்கள். குழாய்த் தண்ணீரும் எரிவாயுவும் சுயஉதவிக் குழுக் கடனும் பெண்களை வேலைக்கு விடுவித்தன என்கிறது ஒரு தரப்பு. வீட்டு வருமானம் போதாமல் வேறு வழியின்றி இறங்கினார்கள் என்கிறது மறுதரப்பு. மூன்றாவது தரப்பு, பெண்கள் எப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள், இப்போதுதான் கேள்வியை ஒழுங்காகக் கேட்கிறோம் என்கிறது.

மூன்றாவது தரப்பின் வாதத்தை இந்த இதழ் மிகவும் மதிக்கிறது. ஏனெனில் அது களத்தில் இருப்பவர்கள் சொல்வது. இரண்டு ஆடுகளும் ஒரு மாடும் வைத்திருக்கும் வீட்டில், புல் அறுத்து வந்து, சாணி அள்ளி, பால் கறந்து, கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுவது வரை ஒரு பெண் செய்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்பார். கணவரைக் கேட்டாலும் அதே பதில். ஊழியர் அங்கேயே குறித்துக்கொண்டால் அவர் குறியீடு 92 அல்லது 93, அதாவது உழைப்புப் படைக்கு வெளியே. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் குறியீடு 21, உழைப்புப் படைக்கு உள்ளே. அந்தப் பெண்ணின் ஒரு நாள் அப்படியே இருக்க, நாட்டின் பங்கேற்பு விகிதம் மட்டும் உயரும். 93-க்கும் 21-க்கும் இடையிலான கோடு இவ்வளவு மெல்லியது என்றால், அதன் மேல் ஏறி நின்று மீட்சி என்று அறிவிப்பது பொறுப்பற்ற செயல்.

நெருக்கடிதான் காரணம் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. அந்த விகிதம் பாய்ந்து ஏறியது 2019-20-இல், எல்லாம் இடிந்த அதே ஆண்டில். வேலைக்குப் போகும் பெண்களில் மாதச் சம்பளம் பெறுவோரின் பங்கு 2017-18-இல் 21 சதவீதம், 2022-23-இல் 15.9. வளமான சந்தை அழைத்து வந்த கூட்டத்தின் அடையாளம் இதுவல்ல. கணக்கெடுப்புப் படிவம் சுயதொழில் செய்பவரிடமும் சம்பளக்காரரிடமும் தினக்கூலியிடமும் வருவாயைக் கேட்கிறது. குறியீடு 21-இல் இருப்பவரிடம் அந்தக் கேள்வியே இல்லை. பதில் பூச்சியம் என்பது கேட்கும் முன்பே தெரியும்.

வேலையின்மை விகிதம் சொல்லாமல் விடுவது இன்னொன்றும் உண்டு: யாரால் காத்திருக்க முடிகிறது என்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-இல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே 3.4 சதவீதம். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. அவரால் ஒரு வாரம்கூட வேலையில்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் 2024-இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சம் பேர் அளவில் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பலர் ஏதோ ஒரு கடையிலோ ஜவுளி நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள், நம் அட்டவணைகளில் பணியிலிருப்பவர்கள்.

அப்படியானால் வேலையின் மதிப்பு கூலி மட்டும்தானா என்று கேட்கும் இளம் ஆய்வாளர்களுக்கு, மரியன்தாலைப் படியுங்கள் என்பதே எங்கள் பதில். வியன்னாவுக்குத் தெற்கே கிராமத்நொய்சீடல் என்ற ஊரின் ஒரு பகுதி அது. ஊருக்கே சோறு போட்ட நெசவாலை உலகப் பெருமந்தத்தில் மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கிருந்த 478 குடும்பங்களை ஆராய்ந்து 1933-இல் நூலாக வெளியிட்டது. படிவத்தோடு அவர்கள் நிற்கவில்லை. தெருவில் நடப்பவர்களின் வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நேரம் தாராளமாக இருந்தும், கட்டணமே இல்லாமல் தந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. கையில் இருந்த நேரமே உருவழிந்து போயிற்று. வேலை என்பது நாளுக்கு ஒரு வடிவத்தையும், வீட்டுக்கு வெளியே மனிதர்களையும், ஊரில் ஓர் இடத்தையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விரித்து எழுதியதன் வித்து அங்கே விழுந்தது.

அந்த நூலில் நம் காலத்துக்கு மிகவும் தேவையான பகுதி பெண்களைப் பற்றியது. மரியன்தால் பெண்கள் ஆண்களைவிட வேகமாக நடந்தார்கள், ஏனெனில் அவர்களுக்கு வீட்டில் வேலை இருந்தது. அவர்கள் கூலியை இழந்தவர்களே தவிர வேலையை இழந்தவர்கள் அல்லர் என்று குழு கண்டது. அப்படி இருந்தும், ஆலையும் வீடுமாக இரட்டைச் சுமை சுமந்த அந்தப் பெண்கள் மீண்டும் ஆலைக்குப் போகவே விரும்பினார்கள், பணத்துக்காக மட்டும் அல்ல. வீட்டுழைப்புக்கு மதிப்பில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அது ஆலை வேலைக்கு ஈடாகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் விவாதத்தில் இந்த இரண்டும் சேர்ந்து நிற்பதே இல்லை. 2019-இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபட்ட பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடங்கள், ஆண்கள் 97. 2024 கணக்கெடுப்பில் முறையே 289, 88. இந்த உழைப்பை எண்ண வேண்டும், தேசியக் கணக்கின் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அதற்காக நம் துறையில் பலர் வாழ்நாள் முழுக்கப் போராடியிருக்கிறார்கள். ஆனால் கூலியில்லா உழைப்பை மதிப்பது வேறு, கூலியில்லா உழைப்பு பெருகியதைக் காட்டி வேலைவாய்ப்பு பெருகியது என்பது வேறு. முன்னதன் நியாயத்தை இரவல் வாங்கித்தான் பின்னது மேடையேறுகிறது. இதைத் தடுக்கக்கூடியவர்கள் நாம்தான்.

நூறு நாள் வேலை எனப்பட்ட ஊரக வேலை உறுதித் திட்டத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்த வாதங்களையும் இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்க்கலாம். மரத்தடியில் உட்கார்ந்து கூலி வாங்குகிறார்கள், வயலுக்கு ஆள் வருவதில்லை என்ற புகார் கேட்காத ஊர் இல்லை. சிறு விவசாயியின் ஆள் பற்றாக்குறை உண்மையான துயரம், அதை ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் 2020-21-இல் நாடு முழுவதும் 389 கோடி மனித நாட்கள் வேலை தந்து, ஊர் திரும்பிய குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தது அந்தத் திட்டம்தான். தமிழ்நாட்டில் அதில் வேலை செய்தவர்களில் 85 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். ஏரிக்கரையில் மற்ற பெண்களோடு நின்று, வருகைப் பதிவேட்டில் தன் பெயர் ஏறி, தன் வங்கிக் கணக்கில் கூலி விழும் வேலை அது. அதே பெண் சொந்த நிலத்தில் அதைவிடக் கடினமாக உழைத்தாலும் இவை எதுவும் அவருக்குக் கிடைப்பதில்லை. தோண்டிய மண்ணின் கன அளவை மட்டும் பார்த்து அந்த வேலையை எடைபோட்டவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்த்தார்கள்.

இனி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளைப் பற்றி. வேலையின்மை விகிதத்தைத் தனியாகத் தரும் எந்தக் கட்டுரையையும் ஏற்பதில்லை என்று ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது. விகிதத்தின் அருகிலேயே அது எந்த நிலைப்படி, எந்தக் காலத்துக்கு என்ற குறிப்பு வேண்டும். 2025 ஜனவரியில் மாதிரி வடிவமைப்பு மாறி, மே மாதத்திலிருந்து நடப்பு வார நிலையில் மாதாந்திர அறிக்கை வரத் தொடங்கியபின் இது இன்னும் அவசியமாகிவிட்டது. பழைய ஆண்டு எண்களோடு மாத எண்களை ஒரே கோட்டில் இணைத்த வரைபடங்களைத் திருப்பி அனுப்புவோம். சுயதொழில், அதற்குள் குறியீடு 21, மாதச் சம்பளம், தினக்கூலி ஆகியவற்றின் பங்குகளும், ஆண் பெண் பிரிவோடு, உடன் வர வேண்டும். வருவாயைப் பற்றிப் பேசினால், குறியீடு 21-இல் இருப்பவர்களைச் சராசரியிலிருந்து விலக்கினீர்களா, பூச்சியமாகச் சேர்த்தீர்களா என்பதைச் சொல்லுங்கள். இரண்டு வகையிலும் கணக்கிட்டுத் தந்தால் இன்னும் நல்லது.

கள ஊழியர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் சும்மா இருக்கிறேன் என்ற பதிலுக்குப் பிறகு நீங்கள் என்னென்ன கேட்டீர்கள், பதில் எப்படி மாறியது, எந்தக் குறியீட்டில் போய் முடிந்தது என்பதை எங்களுக்கு எழுதுங்கள். வீட்டாரின் பெயரும் ஊரும் வேண்டாம். அடுத்த இதழிலிருந்து அந்தக் குறிப்புகளுக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.