பிட்காயின் கூட்டில் ஏமாற்று: கடிவாளம் எங்கே?

ஜொகூர்: பிட்காயின் எடுப்பவர்கள் பெரும்பாலும் 'பூல்' எனும் கூட்டில் இயங்குகிறார்கள். கணினிகள் செய்த வேலைக்கேற்ப வருமானம் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொருவரின் வேலையையும் சரிபார்த்தே பூல் பணம் தருவதால் பொய்க்கணக்கு எடுபடாது. தோட்டத்தில் ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தால், எடையில் ஏமாற்றினாலும் உலர் ரப்பர் அளவில் பிடிபடுவதைப் போன்றது இது.

ஆனாலும் ஓட்டை உண்டு. முழு விடையைக் கண்டவர் அதை மறைத்துவிட்டு, சில்லறை வேலைக்கு மட்டும் கூலி வாங்கலாம். 2014-இல் எலிஜியஸ் பூல் இப்படி 300 பிட்காயின்களை இழந்தது.

இங்கு நடப்பது வேறு திருட்டு. பிட்காயின் எடுப்பது குற்றமல்ல. மீட்டரைத் தவிர்த்து மின்சாரம் எடுப்பதே குற்றம். மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பூல் சரிபார்ப்பதில்லை. 2021 பிப்ரவரியில் ஜொகூரில் 1,700-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் பறிமுதலாயின. நாடு முழுவதும் 2020 முதல் 2025 ஆகஸ்டு வரை 13,827 இடங்களில் இத்திருட்டு கண்டறியப்பட்டது. தெனாகா நேஷனலுக்கு நட்டம் சுமார் 460 கோடி ரிங்கிட்.

தெனாகா இப்போது ஸ்மார்ட் மீட்டர் வழி கண்காணிப்பதோடு, சந்தேக இடங்களின் உரிமையாளர், வாடகைதாரர் விவரங்களையும் திரட்டுகிறது. எனவே கடைவீட்டை வாடகைக்கு விடும் நம்மவர்கள் மின்கணக்கை வாடகைதாரர் பெயருக்கு மாற்றுவதும், அவ்வப்போது நேரில் பார்ப்பதும் நல்லது. இயந்திரம் இரவோடு இரவாக இடம் மாறும். உரிமையாளரின் வீடு மாறாது.