நாய் கடிக்குதோ இல்லையோ, செலவு கையைக் கடிக்குமா? செல்லப்பிராணி வளர்ப்பின் 12 வருஷக் கணக்கு!

சென்னையில் வீட்டு நாய்க்கு லைசென்ஸ் எடுக்க ஆகும் கட்டணம் வருஷத்துக்கு 50 ரூபாய். லைசென்ஸ் இல்லாமல் மாட்டினால் அபராதம் 5,000 ரூபாய். 2025 இறுதியில் சென்னை மாநகராட்சி இந்த அபராதத்தை அறிவித்தபோது, செல்லப்பிராணி மையங்களில் கூட்டம் அலைமோதியது. கெடு தள்ளிப்போய், கடைசியில் டிசம்பர் 14 வரை நீட்டிக்கப்பட்டது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே பல வீடுகளில் ஒரு கேள்வியும் எழுந்தது. லைசென்ஸ், சிப், ஊசி, தீவனம், டாக்டர்னு இவ்வளவு செலவு பண்ணி ஒரு நாய் வளர்க்கத்தான் வேணுமா? போடுற காசுக்கு அது தகுமா?

உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு, கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

லைசென்ஸ், மைக்ரோசிப்... இதுக்கு எவ்வளவு ஆகும்?

இருப்பதிலேயே சின்னச் செலவு இதுதான். லைசென்ஸுக்கு 50 ரூபாய். விண்ணப்பத்தை மாநகராட்சி இணையதளத்திலேயே போடலாம். ரேபிஸ் தடுப்பூசி போட்ட சான்றிதழ் கட்டாயம் வேணும். மாநகராட்சியின் செல்லப்பிராணி மையங்களுக்குக் கூட்டிப் போனால் ரேபிஸ் ஊசியும் மைக்ரோசிப்பும் இலவசம்.

மைக்ரோசிப் என்றதும் பலர் பயப்படுறாங்க. அது ஒரு அரிசி அளவுதான். நாயின் முன்னங்கால் தோள்களுக்கு நடுவில் தோலுக்கு அடியில் ஊசி மூலம் வைப்பாங்க. அதில் 15 இலக்க எண் ஒன்று மட்டும் இருக்கும். ஸ்கேனரை வைத்தால் அந்த எண் தெரியும், எண்ணை வைத்து உரிமையாளர் யார்னு கண்டுபிடிக்கலாம். நாய் எங்கே சுத்துதுன்னு காட்டும் ஜி.பி.எஸ். கருவி இல்லை அது.

நாயைத் தொலைத்தவருக்கு இது ஒரு பாதுகாப்பு. நாயைத் தெருவில் விட்டுட்டுப் போக நினைப்பவருக்கு இது ஒரு தடை. இந்த இரண்டாவது விஷயத்துக்குக் கடைசியில் வருவோம்.

வாங்குற விலைதான் பெரிய செலவா?

இல்லை. எல்லாரும் தப்பாகப் போடுற கணக்கு இங்கேதான் ஆரம்பிக்குது. "குட்டி என்ன விலை?"ன்னுதான் முதலில் கேட்கிறோம். ஆனா வாங்குறது ஒரு நாள் செலவு, வளர்க்கிறது 10 முதல் 13 வருஷ செலவு.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். உங்க ஊர் விலைக்கு ஏற்ப எண்களை மாத்திக்கலாம்.

25 கிலோ எடையுள்ள ஒரு லேப்ரடார் தினமும் 300 கிராம் உலர் தீவனம் சாப்பிடுதுன்னு வச்சுக்குவோம். மாதத்துக்கு 9 கிலோ. கிலோ 300 ரூபாய் என்றால் 2,700 ரூபாய். வருடாந்திர தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து எல்லாத்தையும் 12 மாதத்துக்குப் பிரிச்சுப் போட்டு மாதம் 500 ரூபாய். ஷாம்பு, பெல்ட், நகம் வெட்டுறது போன்ற சில்லறைச் செலவுக்கு 300 ரூபாய்.

மொத்தம் மாதம் 3,500 ரூபாய். வருஷத்துக்கு 42,000. பன்னிரண்டு வருஷத்துக்கு 5 லட்சத்து 4 ஆயிரம் ரூபாய்! இதில் விலைவாசி உயர்வு சேரவில்லை. ஒரு தடவைகூட பெரிய நோய் வரவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

மாதம் 60,000 ரூபாய் வருமானம் உள்ள வீட்டில் 3,500 என்பது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில் அதே 3,500 ஏழில் ஒரு பங்கு. அதே நாய்தான், ஆனா ஒரு வீட்டுக்கு வாரக் கடைசிச் செலவு, இன்னொரு வீட்டுக்கு ஸ்கூல் ஃபீஸ்.

டாக்டருக்கு வரி இல்லை, சாப்பாட்டுக்கு 18%

கால்நடை கிளினிக்குகளின் மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனா பாக்கெட்டில் அடைத்து விற்கப்படும் நாய், பூனைத் தீவனத்துக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு. மேலே சொன்ன கணக்கில் தீவனத்துக்கு மட்டும் வருஷம் 32,400 ரூபாய் ஆகுது. வரியோடு சேர்ந்த விலை அதுன்னா, அதில் கிட்டத்தட்ட 4,900 ரூபாய் வரியாகவே போகுது.

அப்போ வீட்டுச் சாப்பாடு போட்டா? செலவு நிச்சயம் குறையும். சோறு, முட்டை, வேகவைத்த கோழின்னு கொடுக்கிற வீடுகள் நிறைய இருக்கு. ஆனா நம்ம தட்டில் மிஞ்சினதை அப்படியே கொட்டக்கூடாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாம் நாய்க்கு விஷம். மசாலாவும் உப்பும் அதிகமுள்ள குழம்பும் ஆகாது. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்கப் போய் டாக்டர் பில்லில் கொடுத்துடக்கூடாது. எவ்வளவு சோறு, எவ்வளவு புரதம்னு டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுட்டு ஆரம்பிப்பது நல்லது.

நாட்டு நாய் என்றால் செலவே இல்லையா?

வாங்குற விலை இல்லை, அவ்வளவுதான். ரேபிஸ் ஊசி, கருத்தடை ஆபரேஷன், லைசென்ஸ் எல்லாம் எந்த நாய்க்கும் ஒன்றுதான். ஆனா வேறு இரண்டு லாபம் இருக்கு.

ஒன்று, சாப்பாடு. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு 200 கிராம் போதும்னு வைத்தால் மாதச் செலவு 1,800 ரூபாய். லேப்ரடாரைவிட மாதம் 900 ரூபாய் மிச்சம். 12 வருஷத்தில் அது 1,29,600 ரூபாய்!

இன்னொன்று, நம்ம வெயில். குளிர் தேசத்துக்காக அடர்த்தியான ரோமத்தோடு உருவான ஹஸ்கியை சித்திரை மாதத்தில் காப்பாத்த ஏ.சி. ஓடணும். மூக்கு சப்பையான பக் நாய்க்கு இந்தப் புழுக்கத்தில் மூச்சு விடுறதே கஷ்டம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் இந்த மண்ணின் வெயிலில் வளர்ந்தவை. ஆனா இவை வேட்டைக்கும் காவலுக்கும் பழகின இனங்கள். ஓட இடம் வேணும். ஒரு பெட்ரூம் ஃபிளாட்டில் கட்டிப் போட்டா அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் இருக்கு. தெருநாய்களையும் தத்தெடுக்கலாம். தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றியும் சொன்னது. விருப்பமுள்ளவர்கள் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்களின் பொறுப்பு.

கணக்கில் வராத செலவுகள் என்னென்ன?

* வாடகை வீடு: அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் 'செல்லப்பிராணி வளர்க்கவே கூடாது' என்று தடை போட முடியாது என்கின்றன இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள். பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் முடியாது. ஆனா உங்களுக்கு வீடு கொடுப்பதா வேண்டாமா என்பது ஹவுஸ் ஓனர் முடிவு. நாய் இருந்தா கிடைக்கிற வீடு குறையும். கதவில் கீறல், சுவரில் கறைன்னு காலி பண்ணும்போது அட்வான்ஸில் பிடிப்பாங்க. வாடகை ஒப்பந்தத்தில் இதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்குங்க.

* ஊருக்குப் போற செலவு: பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ரயிலில் நாயை உங்களோடு கூட்டிப் போகணும்னா முதல் வகுப்பு ஏ.சி.யில் ஒரு கூபே அல்லது கேபினை முழுசா புக் பண்ணணும். இல்லைன்னா பிரேக் வேன் பெட்டியில் அனுப்பணும். செகண்ட் ஏ.சி., தேர்ட் ஏ.சி., ஸ்லீப்பரில் அனுமதி இல்லை. அதனால் பலரும் போர்டிங்கில் விட்டுட்டுப் போறாங்க. அதற்குத் தினக் கட்டணம்.

* நேரம்: காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்கக் கூட்டிப் போனால் வருஷத்துக்கு 365 மணி நேரம். அதாவது 15 முழு நாட்கள். மழை, ஜுரம், நைட் ஷிஃப்ட் எதுவும் அதுக்குத் தெரியாது. பல வீடுகளில் இந்த வேலை கடைசியில் அம்மா தலையில்தான் விழுது. நாய் கேட்ட பிள்ளையும் வாங்கித் தந்த அப்பாவும் வெளியே போயிடுவாங்க. வாங்கும் முன்னாடி அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க!

உண்மையில் கையைக் கடிப்பது எது?

மாதச் செலவு அல்ல, ஒரே ஒரு கெட்ட மாதம்தான். ஊசி போடாத குட்டிக்கு பார்வோ வைரஸ் வந்தால் நாள் கணக்கில் டிரிப்ஸ் ஏத்தணும், அப்படியும் பிழைக்கும் என்று உறுதி இல்லை. சென்னை மாதிரி ஈரப்பதமான ஊரில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். பெரிய இனங்களுக்கு வயசானால் இடுப்பு மூட்டுப் பிரச்சனை வரும். இந்த மாதிரி நேரத்தில்தான் "இனிமே முடியாது"ங்கிற வார்த்தை வருது.

இதற்கு மூன்று வழி இருக்கு.

முதலாவது, தடுப்பூசி. ரேபிஸ் ஊசியை பொதுவாக மூன்று மாத வயதில் தொடங்கி, டாக்டர் சொல்லும் இடைவெளியில் தொடரணும். அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸில் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை, நாய்க்கும் சரி, மனிதனுக்கும் சரி. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி பல ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம் நடக்கும்.

இரண்டாவது, அரசு மருத்துவமனை. சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கு. காத்திருக்கணும், ஆனா தனியார் பில்லோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் ஆடு மாட்டுக்கு மட்டுமானவை இல்லை.

மூன்றாவது, தனிச் சேமிப்பு. மாதம் 500 ரூபாய் தனியாகப் போட்டு வந்தால் ஐந்து வருஷத்தில் 30,000 ரூபாய் இருக்கும். நாய்க்கு இன்சூரன்ஸும் கிடைக்குது. ஆனா வயது வரம்பு உண்டு, ஏற்கெனவே உள்ள நோயும் தடுப்பூசிச் செலவும் பொதுவாக அதில் சேராது. படிச்சுப் பார்த்துட்டு எடுங்க.

பதிலுக்கு என்ன கிடைக்குது?

"நாய் வளர்த்தால் ஹார்ட் அட்டாக் வராது" என்ற ஃபார்வர்டு மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். அமெரிக்க இதய சங்கம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை இதைக் கவனமாகச் சொல்லுது. செல்லப்பிராணி, குறிப்பாக நாய் வளர்ப்புக்கும் இதய நோய் அபாயம் குறைவதற்கும் தொடர்பு இருக்கலாம். ஆனா இதய நோயைத் தடுக்கணும் என்பதற்காக மட்டும் நாய் வாங்க வேண்டாம் என்றும் அதே அறிக்கை சொல்லுது. காரணம் எளிது. நாய் வளர்ப்பவர் தினமும் நடக்கிறார். நடக்கிற உடம்பு இருப்பதால்தான் அவர் நாயே வளர்க்கிறார் என்றும் இருக்கலாம்.

ஆக, மருந்துச் செலவு மிச்சமாகும் என்று கணக்கு போட்டு வாங்கினால் ஏமாற்றம்தான். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியா இருக்கிற பெரியவருக்கு நாள் முழுக்கப் பேச்சுத்துணை, பொறுப்பு பழகும் குழந்தை, கதவைத் திறந்ததும் வாலாட்டி ஓடி வரும் ஒரு ஜீவன். இதுதான் கிடைக்கிறது. இதற்கு ரூபாயில் விலை போட முடியாது. அதனால் 'லாபமா, நஷ்டமா' என்ற கேள்விக்கு எந்த நிபுணராலும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனா 'என்னால் முடியுமா' என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லலாம்.

முடியாதவங்க தெருவில் விட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் சட்டம் சறுக்குது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் 11-வது பிரிவின்படி, பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் காரணமில்லாமல் கைவிடுவது குற்றம். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஆமாங்க, ஐம்பது ரூபாய்தான்! மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால்தான் 100 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை என்கிற பேச்சே வருது.

லைசென்ஸ் எடுக்காதவருக்கு 5,000. நாயையே தெருவில் தள்ளியவருக்கு 50. அந்த ஐம்பதும் அவர் பிடிபட்டால்தான். இதுவரை பிடிக்க வழியில்லாமல் இருந்தது. சிப் வந்த பிறகு குறைந்தபட்சம் யார் நாய் என்றாவது தெரியும். அந்த வகையில் மாநகராட்சியின் நடவடிக்கை சரியான திசைதான். ஆனா 1960-ல் போட்ட தொகையை மாற்றாமல் சிப்பை மட்டும் வைப்பது பாதி வேலை.

வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் சாப்பாடு தேடத் தெரியாது, வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது. தெருவில் ஏற்கெனவே இருக்கும் கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்வதும் கடினம். கருத்தடை செய்யாமல் விட்டிருந்தால் தெருநாய் எண்ணிக்கையும் கூடும். ஒரு வீடு மிச்சம் பிடிச்ச 3,500 ரூபாயை அந்தத் தெருவே வேற விதத்தில் கட்டும்.

வாங்கும் முன் உங்களை நீங்களே கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. மூன்று மாதம் சம்பளம் வராவிட்டாலும் இதுக்குச் சோறு போட முடியுமா?
2. ஒரே நாளில் 20,000 ரூபாய் ஆஸ்பத்திரி பில் வந்தால் எங்கிருந்து எடுப்பீங்க?
3. தினமும் நடக்கக் கூட்டிப் போகப் போறது யார்? அவர் சம்மதிச்சாரா?
4. வேலை மாறினால், வீடு மாறினால், கல்யாணமாகி வேறு ஊர் போனால் நாய் எங்கே இருக்கும்?
5. பன்னிரண்டு வருஷம் கழித்து நீங்க எங்கே இருப்பீங்க?

ஐந்துக்கும் பதில் இருந்தால் தாராளமா வளர்க்கலாம். லைசென்ஸ் எடுங்க, ஊசி போடுங்க, வெளியே போகும்போது பெல்ட் மாட்டுங்க.

மூன்றாவதும் நாலாவதும் இடிச்சால், கொஞ்ச நாள் பொறுங்க. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காப்பகத்துக்குப் போய் உதவலாம். இல்லைன்னா, உங்க தெருநாய்க்கு ஊசியும் கருத்தடையும் செய்ய மாநகராட்சியிடம் சொல்லலாம். நாய்ப் பாசத்துக்கு அதுவும் ஒரு வழிதான், அதுக்கு 12 வருஷக் கணக்கு தேவையில்லை.