பல்கலைக்கழக வலைதளம் யாருக்காக?

மேட்டூர் அணை திறக்கும் நாள் நெருங்கினாலே டெல்டாவில் ஒரே பேச்சுதான்: இந்தக் குறுவைக்கு எந்த ரகம் போடலாம்? ஆடுதுறை 43 என்றால் 110 நாள். சம்பாவுக்கு சி.ஆர். 1009 என்றால் ஐந்து மாதம் பிடிக்கும். ஐப்பசி மழையில் மூழ்கும் பள்ளக்கால் வயல் என்றால் அதே ரகத்தின் சப்-1. இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்கும். இதையெல்லாம் சொல்ல 1922 முதல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நிலையம் அங்கம் வகிக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், தன் வேளாண் தகவல் தளத்தில் பருவம், ரகம், நாற்றங்கால், பூச்சி, நோய் என்று பிரித்துத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறது. குலைநோயா என்று சந்தேகப்படும் விவசாயிக்கு அறிகுறியும் கிடைக்கும், படமும் கிடைக்கும், செய்ய வேண்டியதும் கிடைக்கும்.

வயலில் எழும் கேள்வியிலிருந்து அந்தத் தளம் தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தில் எத்தனை துறைகள், யார் தலைவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். உயர்கல்வி நிறுவனங்கள் எல்லாமே பின்பற்ற வேண்டிய வரிசை இது.

பெரும்பாலானவை பின்பற்றுவதில்லை. உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ராண்டால் மன்றோ 2010இல் இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒன்றில், பல்கலைக்கழகங்கள் முகப்புப் பக்கத்தில் வைப்பவை. மற்றதில், அங்கே வருபவர்கள் தேடுபவை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர்.

தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி வாரத்தில் மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "அண்ணா, அரியர் ஒரு பேப்பருக்கு எவ்வளவு, கடைசித் தேதி என்னன்னு பாருங்கண்ணா" என்று ஒரு மாணவி கேட்கிறாள். விழாப் படங்கள் நகர்கின்றன, 'புதியது' என்ற எழுத்து கண்ணைச் சிமிட்டுகிறது. கடைக்காரர் பழக்கத்தால் நேராகச் சுற்றறிக்கைக்குப் போகிறார். கோணலாக ஸ்கேன் செய்த ஒரு பக்கம் திறக்கிறது. தேதியின் மேலேயே ரப்பர் ஸ்டாம்ப். அவள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்கு வந்தவள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆள் இல்லை. பல்கலைக்கழகம் சொல்ல வேண்டியதைக் கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார்.

பார்வையற்ற மாணவருக்கு அந்த வழியும் இல்லை. திரைவாசிப்பானுக்கு ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். பழைய எழுத்துருவில் அடித்த அறிக்கையோ அர்த்தமில்லாத குறிகளாக வாசிக்கப்படும். ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். பொதுத் தகவல்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு 2005 முதல் சொல்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. வலைதளம் கணினி மையத்தின் வேலையாகவோ, ஏதோ ஒரு பேராசிரியரின் 'கூடுதல் பொறுப்பாகவோ' கிடப்பதுதான் கோளாறு. பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் அவர் என்ன செய்துவிட முடியும்?

தஞ்சாவூரைப் போல இதை உணர வேண்டிய ஊர் வேறில்லை. 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. ஓலைச்சுவடி, கல்வெட்டு, கடல்சார் தொல்லியல், சித்த மருத்துவம் என்று வேறெங்கும் ஒரே வளாகத்தில் கிடைக்காத துறைகள். வாழ்வியற் களஞ்சியமும் அறிவியல் களஞ்சியமும் பல தொகுதிகளாக இங்கிருந்து வந்தவை. அவற்றின் ஒவ்வொரு கட்டுரையும் தனித்தனிப் பக்கமாக, தேடினால் கிடைக்கும் எழுத்தாக இணையத்தில் இருந்தால் யாழ்ப்பாணத்து ஆசிரியையும் டொராண்டோவில் தமிழ் படிக்கும் பிள்ளையும் தஞ்சாவூருக்கே வந்து சேர்வார்கள். 1999இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்து, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தபோது நாம் கண்ட கனவு அதுதானே.

அதற்கு ஒரு முழுநேர ஆள் வேண்டும். நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவர், பதிவாளரிடம் நேரடியாகப் பேசக்கூடியவர், எழுத்தாக வராத சுற்றறிக்கையைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் உள்ளவர். அவருடைய முதல் மாத வேலை தேர்வுப் பிரிவிலும் சேர்க்கைப் பிரிவிலும் உட்கார்ந்து, தொலைபேசியில் மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்வதாக இருக்கட்டும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள், செல்போன் திரையில் பெரிதாக்காமல் படிக்கும்படி, மே மாதம் பிளஸ் டூ முடிவு வருவதற்குள் முகப்பில் ஏற வேண்டும். விழாப் படங்களை இரண்டாம் பக்கத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.