வீணாய்ப் போகிற தண்ணீர்

கரிவலம்வந்தநல்லூர்க்காரன் எவனும் ஒரு வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்லுவான்: ‘மேற்கே பெய்கிற மழையெல்லாம் வீணாய்க் கடலிலே போய் விழுகிறது!’ பால்வண்ணநாதர் கோயில் பக்கம் நின்று பார்த்தால் மலை நீலமாகத் தெரியும். அதன் தலையில் மேகம் கவிந்திருக்கும். இங்கே நிட்சேப நதியில் வருஷத்தில் பெரும் பகுதி மணல்தான் ஓடுகிறது. வயிற்றெரிச்சல் வராமல் என்ன செய்யும்? நானும் நாற்பது வருஷமாக அதைச் சொல்லி வந்தவன்தான். இப்போது அது தப்பு என்கிறேன். ஊரார் கோபித்துக்கொண்டாலும் சரி.

என் எண்ணத்தை மாற்றியது மன்றோ துருத்து. சங்கரன்கோவிலில் ரயிலேறி, செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிக் கொல்லத்தில் இறங்கினால், அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கல்லடா ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில் கிடக்கிற எட்டுச் சிறு தீவுகளின் கூட்டம் அது. இந்த மன்றோ, சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோ அல்ல. 1811 முதல் 1814 வரை திருவிதாங்கூர் திவானாக இருந்த கர்னல் ஜான் மன்றோ. ‘துருத்து’ நமக்கும் அந்நியமல்ல. ஆற்றிடைக் குறையைத் ‘துருத்தி’ என்றுதானே நம் முன்னோர் சொன்னார்கள்? திருப்பூந்துருத்தி இன்றும் இருக்கிறதே!

இந்தத் தீவைக் கட்டிய கொத்தன் ஆறுதான். மலையில் கரைத்த மண்ணை வெள்ளத்துக்கு வெள்ளம் சுமந்து வந்து கொட்டி உண்டாக்கிய நிலம். அந்த வண்டலில் நெல் விளைந்தது, தென்னை நின்றது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற காயலில் இறாலும் நண்டும், மலையாளிகள் கொண்டாடும் கரிமீனும் வளர்கின்றன. கண்டல் மரங்களின் வேருக்குள் மீன் குஞ்சுகள் ஒளிந்துகொள்கின்றன. அவற்றுக்காக மீன்கொத்தியும் நீர்க்காகமும் காத்திருக்கின்றன. மேலே கருடன் வட்டமிடுகிறது. 2002-ல் அஷ்டமுடியை ராம்சர் பட்டியலில் சேர்த்தது சும்மா இல்லை.

1986-ல் தென்மலை அணை பாசனத்துக்கு வந்தது. நீர் வயலுக்குப் போயிற்று. வண்டல் அணைக்குள் தங்கிற்று. அணைக்குக் கீழே, மிஞ்சியிருந்த மணலையும் வீடு கட்ட அள்ளினார்கள். கடல் மட்டமும் உயர்ந்து வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம் என்கிறார்கள் தீவுக்காரர்கள். இப்போது ஓதம் ஏறினால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. உப்பு ஏறி நெல் போயிற்று. பல குடும்பங்களும் போய்விட்டன. படகில் வரும் உல்லாசப் பிரயாணிகள் மட்டும், “ஆஹா, என்ன அழகு!” என்று படம் பிடிக்கிறார்கள்.

நான் போன ஒரு வீட்டில் சுவர் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. வீட்டு அம்மாள் சொன்னாள்: “ஆற்று வெள்ளத்துக்கு நாங்கள் பயந்ததில்லை, சாரே. அது மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். இது மண்ணைத் தின்றுவிட்டுப் போகிறது.”

கடலுக்குப் போகிற ஆற்றுக்கு வழியெல்லாம் வேலை இருக்கிறது. நம் தாமிரபரணியையே எடுத்துக்கொள்ளுங்கள். புன்னைக்காயல் மீனவரிடம் போய், ‘உங்கள் முகத்துவாரத்துக்கு வருகிற தண்ணீர் வீண்’ என்று சொல்லித்தான் பாருங்களேன்!

“அப்படியானால் கரிசல்காட்டான் வாயில் மண்ணா?” என்று கேட்பீர்கள். இல்லை ஐயா. உடைந்து கிடக்கும் செண்பகவல்லி அணைக்கட்டைச் சீர்ப்படுத்தி எங்கள் பங்கை விடுங்கள் என்று கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். ஆனால் அடுத்த வீட்டில் அரிசி கேட்கப் போகிறவன், ‘உங்கள் வீட்டுச் சோறு நாய்க்குத்தானே போகிறது’ என்று சொல்லிக்கொண்டா கேட்பான்? பங்கு கேட்பது வேறு. மற்றவன் பங்கை வீண் என்பது வேறு. முன்னதற்கு நியாயம் இருக்கிறது. பின்னதற்கு வாய் மட்டும்தான் இருக்கிறது.

இனி எங்கள் ஊர் டீக்கடையில் யாராவது அந்தப் பழைய வாக்கியத்தை எடுத்தால், கொல்லத்துக்கு ஒரு டிக்கெட் என் செலவில் வாங்கித் தருவதாக இருக்கிறேன். அந்த அம்மாளின் வீட்டில் ஒரு ராத்திரி, ஓதம் ஏறுகிற ராத்திரி, தங்கிவிட்டு வரட்டும்.