பாதிரிகளுக்குப் பயந்த சினிமா

இங்கிலாந்து ஆசிரியர் பிலிப் புல்மன் 1995இல் எழுதிய "நார்தர்ன் லைட்ஸ்" என்னும் மாயக்கதையில், குழந்தைகளைத் திருடிச் சென்று அவர்களிடமிருந்து ஆத்மாவை வெட்டிப் பிரிப்பவர்கள் திருச்சபையைச் சேர்ந்தவர்களே யாவார்கள். 2007ஆம் வருஷம் இது "கோல்டன் காம்பஸ்" என்ற சினிமாவாயிற்று. சுமார் 18 கோடி டாலர் போட்ட முதலாளிமார், பக்தர்களின் டிக்கட்டுப் பணம் போய்விடுமே என்று அஞ்சி, திருச்சபை என்ற பேச்சையே எடுத்துவிட்டு, ஏதோ ஓர் அதிகாரக் கூட்டத்தின் அக்கிரமம் போலக் காட்டினார்கள்.

பக்தர்கள் திருப்தியடைந்தார்களா? அதுதான் இல்லை! அமெரிக்காவிலுள்ள கத்தோலிக் லீக் என்னும் சங்கத்தார் படம் வருமுன்பே பகிஷ்காரம் கூறினார்கள். காரணம் கேளுங்கள்: படத்தில் விஷம் குறைவுதானாம், ஆனால் படம் பார்த்த பிள்ளைக்குப் பெற்றோர் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிடுவார்களாம்! பிள்ளை படித்துவிடுமே என்று நடுங்குகிற மதத்தின் யோக்கியதையை நாம் வேறு எடுத்துச் சொல்ல வேண்டுமா?

இன்னொரு வேடிக்கை. அமெரிக்கக் கத்தோலிக்க பிஷப்புமார் சபையின் விமர்சகர்களே படத்தைப் பார்த்து நல்லவிதமாக எழுதினார்கள். சில நாட்களில் அந்த விமர்சனம் வாபசாயிற்று! பார்த்தவன் சொன்னது செல்லவில்லை. பார்க்காதவன் கூச்சல் சென்றது.

புத்தகத்தை நேசித்தவர்களோ, கதையின் உயிரையும் முடிவையும் வெட்டிவிட்டீர்களே என்று மனம் நொந்தார்கள். (கதையில் குழந்தைகளுக்கு நேர்ந்த கதி படத்துக்கும் நேர்ந்தது போலும்!) அமெரிக்காவில் வசூல் சுமார் 7 கோடி டாலர்தான். அடுத்த பாகங்கள் எடுக்கப்படவேயில்லை.

பக்தர்களைப் பகைத்தால் தொழில் நடக்காது என்பவர்களை ஒன்று கேட்கிறோம். 2019 முதல் 2022 வரை இதே கதையின் 3 பாகங்களும், கடவுள் வேஷம் போட்டவன் கரைந்து போவது வரை, தொலைக்காட்சியில் தொடராக வந்து முடிந்தனவே. எந்த வானம் இடிந்து விழுந்தது?