செத்த டர்போவை நாங்கள் பார்த்ததே இல்லை

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. வடக்கே வாளையாறு, கோவிந்தாபுரம், நெம்மாறா. இந்த எல்லையோரச் சாலைகளில் டீசல் கார் ஓட்டுகிறவர்கள், வாடகைக்கு விடுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள், பார்ட்ஸ் விற்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டிய தப்பு ஒன்று இருக்கிறது. ஒரே வண்டிக்கு டர்போ போகும், புதுசு மாட்டுவோம், சில மாதத்தில் அதுவும் போகும். "பீஸ் சரியில்லை" என்று சொல்லி மூன்றாவதையும் வாங்க வைப்போம். பீஸ் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. அதைக் கொன்ற காரணம் என்ஜினிலேயே இருந்தது. அதைத் தேடாமல் அடுத்த டர்போவையும் அதற்கே பலி கொடுத்தோம்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுழலும். ஒரு முனையில் 700 டிகிரியைத் தொடும் புகை, மறுமுனையில் வெளிக்காற்று. நடுவில் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். ஆயில் சில நொடி வராமல் போனாலோ, வருகிற ஆயிலில் கரி கலந்திருந்தாலோ பேரிங் தேய்ந்துவிடும்.

இது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்கள் கை பழகியது டர்போ இல்லாத வண்டிகளில். பியூஜோ டீசல் என்ஜின் பூட்டிய பழைய மகிந்திரா ஜீப்பும், அம்பாசடர் டீசலும் கறுத்துக் கூழான ஆயிலிலும் மலை ஏறின. எப்போது வேண்டுமானாலும் என்ஜினை நிறுத்தலாம். 2007இல் ஸ்விஃப்ட் டீசல் வந்தது. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜின் மாருதி, டாட்டா, ஃபியட் என மூன்று கம்பெனிக் கார்களிலும் டாக்ஸி ஸ்டாண்டுகளுக்குள் நுழைந்தது. 'டீசல் எதையும் தாங்கும்' என்ற எங்கள் நம்பிக்கை மட்டும் மாறவே இல்லை. மலை, புழுதி, சுமை என்று ஓடும் வண்டிக்கு ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்லிக் கம்பெனிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஏலக்காய் சீசனில் ஒரு டிரிப்பை விட மனசில்லாமல் அதைத் தள்ளிப்போட்டோம்.

முந்தலில் இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரிலேயே ஏறி மேலே வந்ததும், செக்போஸ்டிலோ டீக்கடையிலோ உடனே ஆஃப் செய்கிறோம். என்ஜின் நின்றால் ஆயில் பம்ப்பும் நிற்கும். டர்போவோ சூடு தணியாமல் கொதிக்கும். உள்ளே தேங்கிய ஆயில் கரியாகி ஒட்டிக்கொள்ளும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டிருக்கலாம். டீசல் வீண் என்று ஓனரும் சொன்னார், டிரைவரும் கேட்டுக்கொண்டார்.

பாலக்காட்டுப் பக்கம் கதை வேறு. கணவாய்க் காற்றில் கோடை முழுவதும் புழுதி. ஏர் ஃபில்ட்டரைக் கழற்றி, ஏர் அடித்து, மறுபடியும் அதையே மாட்டுகிறோம். அந்த அழுத்தத்தில் தாள் கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதன் வழியே போகும் மணல் டர்போ இறக்கைகளின் விளிம்பை அறுக்கும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய அலட்சியம், செத்த டர்போவை நாங்கள் பார்க்காமல் விட்டது. பழையதைத் திருப்பிக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். அதனால் கழற்றிய கையோடு அட்டைப்பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்பிவிடுவோம். எதனால் போனது என்பதற்கான சாட்சி அந்தப் பெட்டியோடு போய்விடும். இறக்கை விளிம்பு மழுங்கித் தேய்ந்திருந்தால் புழுதி. ஓர் இடத்தில் நசுங்கியிருந்தால் உள்ளே ஏதோ விழுந்திருக்கிறது. முந்தைய டர்போவின் உடைந்த துண்டாகவும் இருக்கலாம், ஏனென்றால் இன்டர்கூலரையும் ஹோஸையும் கழற்றிக் கழுவியவர்கள் எங்களில் குறைவு. தண்டு நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் வரவில்லை. பேரிங்கில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஆயில் அழுக்கு. பேரிங் நன்றாக இருந்தும் ஆயில் கசிந்தால் ரிட்டர்ன் பைப்பையும் என்ஜினின் உள்ளழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்த என்ஜினில் எத்தனை டர்போ போட்டாலும் கசியும். டார்ச் அடித்துப் பத்து நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் பழைய ஃபீட் பைப்பையே திரும்ப மாட்டியதையும் சொல்லியாக வேண்டும். வெளியே துடைத்தால் புதுசு போல இருக்கும், உள்ளே கரி அடைத்திருக்கும். ஐரோப்பாவில் பியூஜோ-சிட்ரோனும் ஃபோர்டும் சேர்ந்து உருவாக்கிய 1.6 லிட்டர் டீசல் என்ஜின் இதற்குப் பேர்போனது. இன்ஜெக்டர் வாஷர் கசிந்து, எரிந்த புகை உள்ளே இறங்கி, ஆயில் கரியாகி, ஃபீட் பைப் போல்ட்டில் இருந்த சின்ன வலையை அடைத்தது. டர்போவை மட்டும் மாற்றியவர்கள் மறுபடியும் மறுபடியும் மாற்றினார்கள். பைப், வலை, ஆயில் பம்ப்பின் சல்லடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் நின்றது. எங்களில் சிலர் இதற்கு மேலேயும் போனோம். கேஸ்கெட் வைக்க வேண்டிய இடத்தில் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பினோம். பிதுங்கிய பேஸ்ட் உள்ளே போய் ஆயில் வழியை மறித்தது.

எல்லையும் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. முதல் டர்போ கட்டப்பனையில், இரண்டாவது தேனியில். பாலக்காட்டு வண்டி என்றால் பொள்ளாச்சியில் அல்லது கோவையில். முன்னால் என்ன செய்தார்கள் என்று கேட்க ஒரு போன் போதும். பண்ணவில்லை. 'அந்தப் பக்கத்து மெக்கானிக் கெடுத்துட்டான்' என்று மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். வண்டிக்கு ஒரு நோட்டு, அதில் தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு, மாற்றிய பாகம் என்று எழுதி வைக்க டிரைவரிடம் நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பணத்தோடு முடிகிற விஷயமில்லை இது. சீல் போன டர்போ வழியாக ஆயில் நேராக என்ஜினுக்குள் போனால், என்ஜின் அதையே எரித்துக்கொண்டு தானாக எகிறும். சாவியை எடுத்தாலும் நிற்காது. மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்சை விட்டு அமர்த்த வேண்டும். விடியற்காலையில் எஸ்டேட் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற எத்தனை டிரைவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

அவர்களில் பலர் கடனில் வண்டி எடுத்தவர்கள். தவணை கட்டுகிற மாதத்திலேயே இரண்டாவது டர்போவுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தார்கள். கழற்றி மாட்டிய கூலியை முதல் முறையும் வாங்கினோம், இரண்டாம் முறையும் வாங்கினோம். அதில் ஒரு ரூபாயைக்கூட யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை.