கத்திரிக்காய்க்கும் ஜீன் உண்டு, பெரியப்பா!

போன மாசம் ஒரு நாள் சாயந்திரம் ஊர்லருந்து ஃபோன். "பெரியப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குடா. சர்க்கரை ஐநூறைத் தாண்டிருச்சு. சுய நினைவே சரியா இல்ல." ஆபீஸ்ல அன்னைக்கு ஆணி அதிகம்தான். அப்படியே போட்டுட்டு ராத்திரி கோவில்பட்டி பஸ் ஏறிட்டேன்.

பெரியப்பாவுக்கு ரொம்ப வருசமா சர்க்கரை. கடைசி நாலு வருசமா இன்சுலின். மணி அடிச்ச மாதிரி நேரத்துக்கு ஊசி போட்டுக்கிற மனுசன். அப்புறம் எப்படி இப்படி? பெரியம்மாகிட்ட விசாரிச்சா, மூணு வாரமா ஊசியே போடலையாம். வாட்ஸப்புல ஒரு வீடியோ வந்திருக்கு. யாரோ ஒரு 'இயற்கை' பேச்சாளர். இன்சுலின் மரபணு மாற்றம் செஞ்ச கிருமியிலருந்து எடுக்கிறது, உள்ள போனா உங்க மரபணுவையே மாத்திடும், பேரப்பிள்ளை வரைக்கும் பாதிக்கும்னு அடிச்சு விட்டிருக்கார். தனக்கு எது வந்தாலும் 'வந்தா வரட்டும்'னு இருக்கிற ஆளு, பேத்தி பேரைச் சொன்னதும் ஆடிப்போய் மருந்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டார்.

நல்லவேளை, பொழைச்சுட்டார். எனக்குக் கோபம்தான் இன்னும் அடங்கலை. அதான் இந்தப் பதிவு.

கோபம் பெரியப்பா மேல இல்லை. அவர் எட்டாம் கிளாஸ். 'மரபணு'ங்கிற ஒத்தை வார்த்தையைப் பூச்சாண்டி மாதிரி காட்டிக் கைத்தட்டல் வாங்குற கும்பல் மேலதான் முதல் கோபம். பத்தாவதுல உயிரியல் படிச்சு மார்க்கும் வாங்கிட்டு, அந்த வீடியோவை 'அவசியம் பகிரவும்'னு ஃபார்வர்டு பண்ற நம்மள மாதிரி படிச்ச ஆளுங்க மேல ரெண்டாவது கோபம். மூணாவதா ஒரு கோஷ்டி இருக்கு, அவங்களுக்குக் கடைசியில வரேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். முதல்ல இந்த ஜீன்னா என்ன?

உயிருள்ள எல்லாத்துலயும், நம்ம உடம்பு, கத்திரிச்செடி, தயிர்ல இருக்கிற பாக்டீரியா, எல்லாத்துலயும் டி.என்.ஏ. இருக்கு. நூல் மாதிரி நீளமான ஒரு மூலக்கூறு. அதுல வர்றது நாலே நாலு எழுத்து: ஏ, டி, ஜி, சி. தமிழுக்கு 247 எழுத்து, உயிருக்கு நாலுதான்! மனுசனோட ஒரு முழு செட் கிட்டத்தட்ட 300 கோடி எழுத்து. அந்த நீள நூல்ல, ஒரு குறிப்பிட்ட புரதத்தை எப்படிச் செய்யணும்னு எழுதியிருக்கிற பத்திதான் பொதுவா நாம சொல்ற ஜீன். நம்மகிட்ட அந்த மாதிரி சுமார் 20,000 இருக்கு.

எழுத்துகளை மூணு மூணா சேர்த்துப் படிக்கணும். ஒவ்வொரு மூணெழுத்துச் சொல்லுக்கும் ஒரு அமினோ அமிலம். ஏ-டி-ஜி வந்தா 'இங்க ஆரம்பி', டி-ஏ-ஏ வந்தா 'இங்க நிறுத்து'. இந்த அகராதியைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 1968-ல் நோபல் பரிசு கொடுத்தாங்க. வாங்கின மூணு பேர்ல ஒருத்தர் பிரிவினைக்கு முந்தின பஞ்சாப்ல பிறந்த ஹர் கோபிந்த் கொரானா.

இதுல என்னை மாதிரி பொட்டி தட்டுறவனை வாய் பிளக்க வைக்கிற விஷயம் ஒண்ணு உண்டு. அந்த அகராதி, சின்னச் சின்ன விதிவிலக்கு தவிர, எல்லா உயிருக்கும் ஒண்ணேதான். நாங்க விண்டோஸ்ல எழுதுனதை லினக்ஸ்ல ஓட வைக்கவே மூக்கால அழறோம். இங்க மனுசனுக்கு எழுதுன பத்தியைப் பாக்டீரியாகிட்ட கொடுத்தா, அது பாட்டுக்குப் படிச்சு அதே புரதத்தைச் செஞ்சு கொடுக்குது. மரபணுப் பொறியியல் மொத்தமும் நிக்கிறது இந்த ஒரு அஸ்திவாரத்துலதான். டி.என்.ஏ.வை வேண்டிய இடத்துல வெட்ட ஒரு வகை என்சைம், ஒட்ட இன்னொரு வகை என்சைம். இந்த வெட்டல் ஒட்டலை 1973-ல் கோஹன், போயர்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் செஞ்சு காட்டினாங்க.

இப்ப பெரியப்பாவோட ஊசிக்கு வாங்க.

இன்சுலின் ஒரு குட்டிப் புரதம். 51 அமினோ அமிலம், அவ்வளவுதான். 1921-ல் கனடாவுல டொரண்டோவுல பாண்டிங், பெஸ்ட் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் அறுபது வருசம் எங்கிருந்து வந்துச்சு? வெட்டின பன்னி, மாட்டோட கணையத்துலருந்து! அவுன்ஸ் கணக்குல இன்சுலின் எடுக்க டன் கணக்குல கணையம் வேணும். பன்னி இன்சுலினுக்கும் நம்மதுக்கும் ஒரு அமினோ அமிலம் வித்தியாசம், மாட்டுதுக்கு மூணு. ஓரளவு ஒத்துப்போச்சு, சிலருக்கு ஒவ்வாமையும் வந்துச்சு. 'இயற்கை', 'இயற்கை'ங்கிறாங்களே, இயற்கை இன்சுலின் அதுதான். பெரியப்பா வாரத்துல மூணு நாள் கவுச்சி தொடாதவர். அவர்கிட்ட இதைச் சொல்ல அந்தப் பேச்சாளருக்கு மறந்துபோச்சு போல :-)

1978-ல் கலிஃபோர்னியாவுல என்ன செஞ்சாங்க? இன்சுலினுக்கான அந்தப் பத்தியை, எந்த மனுசனையும் அறுக்காம, வேதியியல் முறையில எழுத்து எழுத்தா கோத்துச் செஞ்சாங்க. அதை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள வெச்சாங்க. அது புரதத்தைச் செஞ்சு கொடுத்துச்சு. 1982-ல் மருந்தா அனுமதி கிடைச்சுது. இன்னைக்குப் பாக்டீரியாவுலயும் ஈஸ்ட்லயும் செய்யுறாங்க. ஈஸ்ட்னா பேக்கரி ரொட்டியை உப்ப வைக்குதே, அந்த ஜாதிதான். இந்தியாவுலயும் 2003, 2004-லருந்து வொக்கார்டு, பயோகான் எல்லாம் செஞ்சு விக்கிறாங்க.

முக்கியமான விஷயம்: ஊசியில வர்றது அந்தக் கிருமி இல்லை, ஜீனும் இல்லை. சுத்திகரிச்சு எடுத்த புரதம். புரதம் போய் உங்க டி.என்.ஏ.வைத் திருத்தி எழுதாது. சமையக்குறிப்புப் புஸ்தகத்தைப் பார்த்துச் செஞ்ச வடையைத் தின்னா, உங்க வீட்டுப் புஸ்தகத்துல எழுத்து மாறிடுமா?

"சரி, மருந்து வேற. சாப்பாட்டுல ஜீன் வரக்கூடாதுல்ல?"னு அடுத்த கேள்வி வரும். வரக்கூடாதுன்னா நீங்க உப்பையும் தண்ணியையும் தவிர எதையும் தொட முடியாது சாமி. நீங்க தின்ன ஒவ்வொரு கத்திரிக்காயிலயும், ஒவ்வொரு அரிசியிலயும் ஆயிரக்கணக்கான ஜீன் இருந்துச்சு. வயித்துக்குள்ள போனதும் அதுவும் துண்டு துண்டா செரிச்சுப்போயிடும். இத்தனை வருசம் கத்திரிக்காய் தின்னும் யாருக்கும் தலையில காம்பு முளைக்கலை.

அப்புறம் அந்த ஃபார்வர்டுகள். பெங்களூர் தக்காளி மரபணு மாற்றினது, விதையில்லா திராட்சை மரபணு மாற்றினது, பிராய்லர் கோழி மரபணு மாற்றினது. எதுவுமே இல்லை. பெங்களூர் தக்காளி ரெண்டு ரகத்தைக் கலந்து எடுத்த வீரிய ஒட்டு ரகம். விதையில்லா திராட்சை இயற்கையா வந்த ஒரு மாற்றத்தைக் குச்சி வெட்டி நட்டு நட்டுப் பெருக்கினது. பிராய்லர் தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து வளர்த்தது. இந்தியாவுல வணிகத்துக்குப் பயிராகுற ஒரே மரபணு மாற்றுப் பயிர் பருத்திதான், 2002-லருந்து.

விதையில்லாப் பழம் தின்னா வம்சம் விருத்தியாகாதுன்னு ஒரு அறிவாளி எழுதியிருந்தார். வாழைப்பழத்துல விதை எங்கய்யா இருக்கு? மூணு செட் குரோமோசோம் இருக்கிறதால விதை கட்டாது, பக்கக் கன்றுலதான் பெருகும். அந்த விதையில்லா மரத்தைத்தான் கல்யாண வாசல்ல கட்டி, 'வாழையடி வாழையா வளரணும்'னு நாம வாழ்த்துறோம். முடியல!

இப்ப கதையில ஒரு திருப்பம். என் பெரியப்பா பருத்தி விவசாயி. கரிசக்காட்டுல பி.டி. பருத்தி போட்டு நல்லதும் கண்டவர், கையும் சுட்டுக்கிட்டவர். அவருக்கு 'மரபணு'ன்னாலே கோபம் வர்றதுக்குக் காரணம் இருக்கு. அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

பி.டி.ங்கிறது மண்ணுல இருக்கிற ஒரு பாக்டீரியா. அதோட ஒரு ஜீனைப் பருத்திக்குள்ள வெச்சா, செடியே ஒரு புரதத்தைச் செய்யும். புழுவோட குடல் காரத்தன்மை. அங்க அந்தப் புரதம் வேலை செஞ்சு, குடல் சுவர்ல ஒட்டி ஓட்டை போட்டுடும். நம்ம வயிறு அமிலம், ஒட்டிக்கிற இடமும் நம்ம குடல்ல இல்லை. இதே பாக்டீரியாவை இயற்கை விவசாயிகளும் தெளிக்கிறாங்க. ஆக, ஜீன்ல பெரிய வில்லத்தனம் ஒண்ணும் இல்லை.

வில்லத்தனம் வேற இடத்துல இருந்துச்சு. ஒண்ணு, விலை. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல வித்துச்சு. 2006-ல் ஆந்திர அரசு சண்டை போட்ட பிறகுதான் 750-க்கு இறங்குச்சு. ரெண்டு, வருசா வருசம் விதை வாங்க வேண்டிய கட்டாயம். இதுக்கும் பி.டி. ஜீன்தான் காரணம்னு ஊரே நினைக்குது, 'மலட்டு விதை'ன்னு திட்டுது. மலட்டு விதைத் தொழில்நுட்பத்துக்கு 1998-ல் அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினாங்கதான், ஆனா அது சந்தைக்கே வரலை. நிஜக் காரணம், இங்க அந்த ஜீனைப் பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகத்துல வெச்சு வித்ததுதான். ஒட்டு ரகத்தோட விதையை எடுத்து மறுபடி போட்டா குணம் பிரிஞ்சிடும், வயல்ல செடிக்குச் செடி வேற வேறயா நிக்கும். சாதா ரகத்துல வெச்சிருந்தா விவசாயி விதையை எடுத்து வெச்சுக்கலாம், கம்பெனிக்கு அடுத்த வருசம் யாவாரம் இருக்காது. கேள்வியை அங்க கேட்டிருக்கணும்!

மூணாவதுதான் ரொம்ப வலிக்குது. அப்பல்லாம் பாக்கெட்டோட 120 கிராம்ல இன்னொரு குட்டிப் பொட்டலம் வந்துச்சு, பி.டி. இல்லாத விதை. அதை வயல் ஓரத்துல சுத்தி நட்டிருக்கணும். பி.டி.க்குச் சாகாத புழு ஒண்ணு ரெண்டு எப்பவும் இருக்கும். அதுங்க தங்களுக்குள்ளயே சேர்ந்தா எதிர்ப்புச் சக்தி பரவிடும். ஓரச் செடியில வளர்ற சாதாப் புழுக்களோட கலந்துட்டா அது பரவுறது தள்ளிப்போகும். இதைப் பெரியப்பாவுக்கு யாருமே சொல்லலை. வித்த கடைக்காரர், "அது சும்மா வர்றது, தூரப் போடுங்க"ன்னுட்டார். ஊரே தூரப் போட்டுச்சு. அவரு ஊரு மட்டுமில்லை, நாட்டுல பெரும்பாலான இடத்துல இதான் கதை. 2010-ல் குஜராத்துல இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. ஜீனுக்கு அடங்கலைன்னு கம்பெனியே ஒத்துக்கிச்சு. ரெண்டு ஜீன் வெச்சு 2006-ல் வந்த அடுத்த பருத்தியும் பத்து வருசத்துக்குள்ள அந்தப் புழுகிட்ட தோத்துச்சு.

இப்ப அந்த மூணாவது கோஷ்டி. என் ஆபீஸ் நண்பர்கள்லயே உண்டு. "விவசாயிக்கு சயின்ஸ் தெரியாது, எதிர்க்கிறவன் எல்லாம் முட்டாள், ஜீன் டெக்னாலஜி எல்லாமே சேஃப்"னு ஒரே போடா போடுவாங்க. மாப்ளைகளா, டெஸ்ட் பண்ணாத கோடை லைவ்ல ஏத்த நீங்க விடுவீங்களா? யூசருக்கு மேனுவலே கொடுக்காம, 'தப்பா யூஸ் பண்ணிட்டான்'னு அவன் மேல பழி போடுறது எந்த ஊர் நியாயம்? 2010 பிப்ரவரியில பி.டி. கத்திரிக்காயை நிறுத்தி வெச்சாங்க. பக்கத்துல பங்களாதேஷ் 2013-ல் அனுமதிச்சு, 2014-லருந்து விவசாயிங்க நட்டுட்டு இருக்காங்க. நாம வேணும்னும் சொல்லலை, சோதிச்சுப் பார்த்து வேண்டாம்னும் சொல்லலை. 'எல்லாம் விஷம்'ங்கிறவனும் 'எல்லாம் அமிர்தம்'ங்கிறவனும் சேர்ந்து நடுவுல கேட்க வேண்டிய கேள்வியைக் கொன்னுட்டாங்க.

மரபணு மாற்றம்ங்கிறது ஒரு கருவி, கத்தி மாதிரி. கத்தி நல்லதா கெட்டதான்னு பட்டிமன்றம் வெச்சு என்ன பிரயோசனம்? ஒவ்வொரு தடவையும் தனித்தனியா கேளுங்க. எந்த ஜீன்? எங்கிருந்து எடுத்து எதுக்குள்ள வெச்சாங்க? அது என்ன புரதத்தைச் செய்யுது? யார் சோதிச்சா, முடிவை ஜனங்க பார்க்க முடியுமா? விதைக்கோ மருந்துக்கோ சாவி யார் கையில? இன்சுலினுக்கு இந்தக் கேள்விகளைப் போட்டா நாற்பது வருசப் பதில் இருக்கு. பருத்திக்குப் போட்டா பாதிப் பதில் சங்கடமா இருக்கு. 2025 மே மாசம், வெளி ஜீன் எதையும் மிச்சம் வைக்காம நெல்லோட சொந்த ஜீன்லயே திருத்தம் செஞ்ச ரெண்டு நெல் ரகத்தை இந்தியா அறிவிச்சிருக்கு. அதுக்கும் இதே கேள்விகளைக் கேட்போம். பூச்சாண்டியும் வேண்டாம், ஆரத்தியும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில நாலாவது நாள், பெரியப்பா எழுந்து உட்கார்ந்ததும் இதெல்லாம் சொன்னேன், இதைவிட எளிமையா. பொறுமையா கேட்டார். பன்னிக் கணையம்னதும் முகத்தைச் சுளிச்சார். அந்த 120 கிராம் பொட்டலத்தைப் பத்திச் சொன்னதும் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்:

"ஏன்யா, காட்டுக்குத் தெரியவேண்டியதை ஒருத்தனும் சொல்லல. உடம்புக்குச் சொல்லக்கூடாததை எல்லாம் வீடு தேடி வந்து சொல்றானுக. நீங்க படிச்சவுக இத்தனை பேரு அப்ப எங்க இருந்தீக?"

எனக்குப் பதில் தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டுறவன். உங்க வீட்டுல யாராவது இன்சுலின் போட்டா, வீடியோ பார்த்து நிறுத்த விடாதீங்க. சந்தேகம்னா டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த ஃபார்வர்டு வந்தா, அனுப்பின மாமாகிட்ட சண்டை போடாம, ஒரு டீ வாங்கிக் கொடுத்து வாழைப்பழக் கதையைச் சொல்லுங்க.